ஈர ஒத்திகை

முதல் கடையில் தண்ணீரில்லாத தொட்டிக்குள்
கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து பார்த்தோம்.
ஆறு பேருக்கான தொட்டி.
முழங்கால்கள் எதிரெதிரே இடிக்க,
ரயிலில் இடம் கிடைத்த அந்நியர்களைப்போல.
“எத்தனை ஜெட்?” என்றான் வெர்லின்.
“ஐம்பத்து நான்கு” என்றான் கடைப் பையன்.
அது அதிகமா குறைவா என்று
மூன்று பேருக்குமே தெரியவில்லை.

மூன்று குளிர்காலமாக இதே வாக்குவாதம்.
நான் சொல்வேன்: கூரை ஒழுகுகிறது.
அவன் சொல்வான்: முதுகு.
அதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.
பட்டறையில் சரக்குப் பெட்டியின் கொக்கி நழுவிய நாளிலிருந்து
எங்கள் வீட்டில் அதுதான் மூன்றாவது ஆள்.
கட்டிலில் நடுவே படுக்கும்.
விருந்துக்கு வராது,
எங்களையும் போகவிடாது.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாதாம்.
ஆழம் முப்பத்தாறு அங்குலம்,
அட்டையிலேயே எழுதியிருக்கிறது.
விலைக்குத்தான் கால் எட்டவில்லை.

இரண்டாவது கடை மிலிட்சாவுடையது,
பியூட் நகரைத் தாண்டி, டயர் கடைக்குப் பின்னால்.
“காகிதத்தைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள்.
நீச்சலுடை எடுத்துக்கொண்டு
செவ்வாய்க்கிழமை வாருங்கள்” என்றாள்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
திரைக்குப் பின்னால், குழல்விளக்கு வெளிச்சத்தில்,
முப்பத்தோரு வருடப் புருஷனை
அரைக்கால் சட்டையில் பார்த்தேன்.
தழும்பு நான் நினைத்திருந்ததைவிட நீளம்.
வீட்டில் இருட்டில்தான் தைலம் தேய்க்கிறேன்.
விரல் சொன்ன கணக்கு வேறு, கண் சொல்லும் கணக்கு வேறு.

ஒவ்வோர் எலும்பிடமும் அனுமதி கேட்டு
அவன் மூலை இருக்கைக்குள் இறங்கினான்.
நான் இறங்கவில்லை.
பேரம் பேசுகிறவள் காய்ந்திருக்க வேண்டும்.

மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று கேட்டேன்.
மூடி எத்தனை அங்குலத் தடிமன் என்று கேட்டேன்.
வடிகட்டியைக் கழுவுவது யார் என்று
வெர்லினைப் பார்த்துக் கேட்டேன்.
பதிலாகக் குறட்டை வந்தது.

வாய் திறந்து, தலை சாய்ந்து,
நுரை தாடையைத் தொட,
மாத்திரை இல்லாமல்
தூங்கிக்கொண்டிருந்தான்.

மிலிட்சா ரேடியோவை அணைத்தாள்.
வாசலுக்குப் போய்
‘திறந்திருக்கிறது’ அட்டையைத் திருப்பிவிட்டு வந்தாள்.
பிறகு இருவரும் தொட்டியின் படியில் உட்கார்ந்து
நாற்பது நிமிடம்
கிசுகிசுத்துப் பேரம் பேசினோம்.
படிக்கட்டு இலவசம்.
மூடி தூக்கும் கம்பி பாதி விலை.
கிரேன் வாடகையில் மட்டும் அவள் இறங்கிவரவில்லை.
“இப்படித் தூங்குகிறவனைக் கூட்டிவந்துவிட்டு
உன்னிடம் பேரத்துக்கு என்ன மிச்சமிருக்கிறது?”
சரிதானே.

“எது வேண்டும், நீலமா, சாம்பலா?”
“அவன் இருக்கிறது” என்றேன்.
விளிம்பில் ஒரு கீறல் உண்டு.
அதற்கும் நூறு டாலர் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது:
நிறைந்த தொட்டி இரண்டு டன்.
காங்கிரீட் தளம் இல்லாமல் வைக்க முடியாது.
தரையோ நாலடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கிறது,
மே மாதம்வரை யாரும் ஊற்றமாட்டார்கள்.

வெர்லின் ஒன்றும் சொல்லவில்லை.
பூட்ஸ் குதிகாலால் கொல்லைப் பனியில்
எட்டடிக்கு எட்டடி சதுரம் கீறினான்.
இரவு பனி பெய்து மூடும்.
காலையில் காபிக்கு முன்னால் போய்
மறுபடி கீறுவான்.
நான் ஒழுகலுக்கு வாளி மாற்றிக்கொண்டே
ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.
கோடு ஒருநாளும் நேராக இருந்ததில்லை.

இன்று காலை சதுரத்துக்குள்
பனி உருகி ஒரு பள்ளம்,
ஓர் உடம்பின் அளவு.
சுற்றிலும் குளம்புத் தடம்.
ஏதோ மான் ராத்திரி முழுக்க அங்கே படுத்திருக்கிறது,
எங்களுக்கு முன்னால்,
ஒரு காசு கொடுக்காமல்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தான்.
“மூலை இருக்கை” என்றான்.
“அது என்னுடையது.”